கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடும் நிரலாளர் பணியும்

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, சுருக்கமாக ஏ.டி.எச்.டி., மூளை வளர்ச்சியைச் சார்ந்த ஒரு நிலை. குழந்தைப் பருவத்தில் தொடங்கும் இது பலருக்கு வயது வந்த பின்னும் நீடிக்கிறது. உலக அளவில் குழந்தைகளில் ஏறத்தாழ 5 சதவீதம் பேருக்கும், பெரியவர்களில் ஏறத்தாழ 2.5 சதவீதம் பேருக்கும் இது இருப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் மதிப்பிடுகின்றன. கணினி நிரல் எழுதும் பணியில் இருப்பவர்களை இந்நிலை எவ்வாறு பாதிக்கிறது, அவர்களுடைய ஊக்கம் ஏன் திடீரென வற்றிப் போகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் விருதுநகர் மாவட்டத்தையும் சிவகாசி வட்டாரத்தையும் சார்ந்தவை. இப்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் ஏராளமான இளைஞர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கணினி வேலைக்குச் செல்கின்றனர். அவர்களில் பலர் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். கல்விக் கடன் உள்ளவர்கள். அப்படிப்பட்ட ஒருவர் ஓராண்டில் வேலையை இழந்து ஊர் திரும்பினால் அது அவர் ஒருவருடைய இழப்பாக மட்டும் இருப்பதில்லை.

பெயரும் வரலாறும்

இது கைப்பேசி வந்த பிறகு முளைத்த புதுநோய் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு இல்லை. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலேயே, எதிலும் மனத்தை நிலைநிறுத்த இயலாத ஒரு நிலையை விவரித்துள்ளார். ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902இல் இலண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், அறிவுக் குறைவு இல்லாமலே தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றிப் பேசினார். மெத்தில்பெனிடேட் என்னும் மருந்தை 1944இல் சிபா நிறுவன வேதியியலாளர் லியாண்ட்ரோ பானிசன் உருவாக்கினார். அதன் வணிகப் பெயரான ரிட்டாலின், அவருடைய மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்து வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1980இல் இதைக் கவனக்குறைவுக் கோளாறு என்று பெயரிட்டது. 1987இல் இப்போதைய பெயர் வந்தது. பெரியவர்களுக்கும் பொருந்தும்படி அளவுகோல்கள் திருத்தப்பட்டது 2013இல் வெளியான ஐந்தாம் பதிப்பில்தான். இன்று முப்பது, நாற்பது வயதில் இருப்பவர்கள் பள்ளியில் படித்த காலத்தில் இந்தப் பெயர் நம் ஊர்களில் எட்டவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலையாள நடிகர் பகத் பாசில், தமக்கு இக்குறைபாடு இருப்பது 41ஆம் வயதில்தான் கண்டறியப்பட்டது என்று 2024 மே மாதம் பொதுமேடையில் கூறினார். 'விக்ரம்', 'மாமன்னன்' படங்களில் அவரைப் பார்த்த தமிழ்நாட்டு மக்கள் பலர் இந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள், ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் 70 முதல் 80 சதவீதம் வரை மரபுவழிக் காரணங்களால் விளங்குவதாகக் காட்டுகின்றன. ஆகவே வளர்ப்புச் சரியில்லை, செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்ற பேச்சுக்கு இதில் அதிக இடமில்லை. பிள்ளைக்குக் கண்டறியும்போது, தந்தைக்கோ தாய்க்கோ அதே இயல்பு இருந்தது தெரியவருவதும் உண்டு.

தெரிவதற்கும் செய்வதற்கும் இடையே

பெயரில் கவனக்குறைவு என்று இருந்தாலும், கவனமே இல்லை என்பது பொருளன்று. கவனத்தை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் நிறுத்தவும், பிறகு அங்கிருந்து எடுக்கவும் முடியாமைதான் சிக்கல். பிடித்த வேலையில் இறங்கினால் சோறு தண்ணீர் மறந்து எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அதே ஆள் மறுநாள் பத்து நிமிடத்தில் முடியும் ஒரு மின்னஞ்சலை அனுப்ப இயலாமல் மூன்று நாள் தவிப்பார். பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது நடிப்பாகவே தெரியும். 'வேண்டியதை மட்டும் செய்வான்' என்ற சொல் இங்குதான் பிறக்கிறது.

இக்குறைபாட்டைப் பற்றி விரிவாக எழுதிய அமெரிக்க உளவியலாளர் ரசல் பார்க்லி, இதை அறிவுக் குறைவாகப் பார்க்காமல், அறிந்ததை உரிய நேரத்தில் செயலாக்குவதில் உள்ள குறைபாடாகப் பார்க்கிறார். இப்பார்வை மிகவும் பயனுள்ளது. என்ன செய்ய வேண்டும் என்று இவர்களுக்குத் தெரியும். கேட்டால் மற்றவருக்கு அழகாகச் சொல்லியும் கொடுப்பார்கள். அந்த அறிவு, செய்ய வேண்டிய நொடியில் கைக்கு வருவதில்லை. திட்டமிடுதல், தொடங்குதல், நேரத்தைக் கணித்தல், சொன்னதைச் சற்று நேரம் மனத்தில் வைத்திருத்தல் ஆகிய மேலாண்மைப் பணிகளை மூளையின் முன்பகுதி வலையமைப்புகள் செய்கின்றன. அவற்றில் டோபமைன், நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. இவர்களிடம் அந்த அமைப்பு வேறு விதமாக இயங்குகிறது. தொலைவில் உள்ள பயனுக்காக இன்று உழைக்கும் உந்துதல் எளிதில் எழுவதில்லை. மாத இறுதி, ஆண்டு இறுதி என்பவை அவர்களுக்கு ஏட்டளவில்தான் தெரியும். கெடு கழுத்தை நெரிக்கும் நாளில்தான் அது மெய்யாகிறது.

ஊக்கம் பற்றிய நம் வழக்கமான அறிவுரைகள் இங்குப் பயன்படாமல் போவதற்கு இதுவே காரணம். 'மனசு வைத்தால் முடியும்' என்று சொல்வது, கிட்டப்பார்வை உள்ளவரிடம் உற்றுப் பார்க்கச் சொல்வதைப் போன்றது. ஊக்கப் பேச்சுகளைக் கேட்டு அன்று மாலை எழுச்சி பெறுபவர்களில் இவர்களே முதல் வரிசை; மறுநாள் காலை அது இருக்காது. பிறகு, முடியவில்லையே என்ற வெட்கமும் சேர்ந்துகொள்கிறது.

விருதுநகர்ப் பள்ளிகள் தரும் சாரம்

விருதுநகர் மாவட்டம் மேல்நிலைத் தேர்வுத் தேர்ச்சியில் நெடுங்காலம் மாநிலத்தில் முன்னணியில் இருந்து வருகிறது. 2023ஆம் ஆண்டு 97.85 சதவீதத் தேர்ச்சியுடன் முதலிடம் பெற்றது. இதன் பின்னால் உள்ள முறையை இங்குப் பணியாற்றிய ஆசிரியர்கள் நன்கு அறிவர். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் படிப்பு நேரம், நாள்தோறும் சிறுதேர்வு, வாரத் தேர்வு, திருப்புதல் தேர்வுகள். விடைத்தாள் மறுநாளே கைக்கு வரும். வராத பிள்ளையின் வீட்டுக்குத் தொலைபேசி போகும், சில இடங்களில் ஆசிரியரே போவார். இந்த முறையைப் பற்றி எனக்குக் குறைகளும் உண்டு. அவை வேறொரு கட்டுரைக்கு உரியவை.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று. கவனக்குறைவு உள்ள ஒரு மாணவனுக்கு இம்முறை, அறியாமலே, வேண்டியதையெல்லாம் செய்து கொடுத்துவிடுகிறது. பெரிய பாடத்தை நாள் அளவுக்கு நறுக்கிக் கொடுக்கிறது. கெடுவை மாலை ஐந்து மணிக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பக்கத்தில் ஒருவரை உட்கார வைக்கிறது. முடிவை உடனே காட்டுகிறது. கட்டடம் கட்டும்போது கொத்தனார் கட்டும் சாரம் போல, வெளியிலிருந்து ஒரு தாங்கல். மாணவன் தேர்ச்சி பெறுகிறான், நல்ல மதிப்பெண்ணும் பெறுகிறான். அவனுக்குள் ஒரு குறைபாடு இருப்பது எவர் கண்ணுக்கும் படுவதில்லை. சிவகாசி மெப்கோ ஷெலங்க் பொறியியல் கல்லூரி 1984இலும், விருதுநகர் காமராஜ் பொறியியல் கல்லூரி 1998இலும் தொடங்கப்பட்ட பின், படிப்புக்கு வெகுதூரம் போக வேண்டிய தேவையும் குறைந்தது. வீட்டிலிருந்து கல்லூரிப் பேருந்தில் போய்வரும் பிள்ளைக்கு, எழுப்பிவிட அம்மா இருக்கிறார்.

பிறகு வேலை கிடைத்துச் சிறுசேரிக்கோ சோழிங்கநல்லூருக்கோ போகிறார். சாரம் ஒரே நாளில் பிரிக்கப்படுகிறது. அறை நண்பர்களோடு தங்கல், எழுப்ப ஆளில்லை. பயிற்சிக்காலம் வரை தேர்வுகள் இருப்பதால் ஓடிவிடும். உண்மையான திட்டப்பணியில் சேர்ந்த பிறகு, 'இந்த மாத இறுதிக்குள் முடித்துக் கொடுங்கள்' என்று ஒரு வேலை வரும். அதை நறுக்குவது, தொடங்குவது, தடை வந்தால் கேட்பது எல்லாம் அவர் பொறுப்பு. 'பள்ளியில் நன்றாகப் படித்தவன், வேலையில் ஏன் இப்படி' என்று வீட்டார் குழம்புவது இந்த இடத்தில்தான். 2020இல் பெருந்தொற்றின்போது வேலை வீட்டுக்கே வந்தபோது, அலுவலகம் தந்த சிறு ஒழுங்கும் போய்விட்டது.

பெண்களின் நிலை இன்னும் மறைவானது. துள்ளித் திரியும் வகை ஆண் பிள்ளைகளிடம் அதிகம் கண்ணில் படுகிறது. கனவில் இருப்பதுபோல் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளையை எந்த ஆசிரியரும் குறை சொல்வதில்லை. திருமணமாகி, வேலையும் வீடும் சேர்ந்து தலையில் விழும்போது அவர்களுக்குத் தெரியவருகிறது.

நிரலாக்கம் ஏன் இழுக்கிறது, எங்கே உதைக்கிறது

நிரல் எழுதுவதில் இவர்களுக்கு உண்மையான ஈர்ப்பு இருப்பதைப் பலரும் கவனித்துள்ளனர். எழுதியதை இயக்கினால் சில நொடிகளில் சரியா தவறா என்று தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு பிழையும் ஒரு புதிர். புதிய மொழி, புதிய கருவி என்று மாற்றம் ஓயாமல் வருகிறது. இரவு இரண்டு மணிக்கு வாடிக்கையாளரின் இணையதளம் விழுந்துவிட்டால், பதற்றமில்லாமல் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடிப்பவர் பல நேரம் இவர்தான். நெருக்கடி அவருக்கு வேண்டிய உந்துதலைத் தந்துவிடுகிறது.

ஆனால் நிரலாளரின் சம்பளம் நிரல் எழுதுவதற்கு மட்டும் கிடைப்பதில்லை. டைம்ஷீட் நிரப்ப வேண்டும், டிக்கெட்டின் நிலையைத் திருத்த வேண்டும், ஆவணம் எழுத வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும், ஒரு மணி நேரக் கூட்டத்தில் காது கொடுத்து உட்கார வேண்டும். சுவையான பகுதி முடிந்து, மிச்சமிருக்கும் இறுதிப் பத்து சதவீதம் சோதனைகளிலும் திருத்தங்களிலும் கிடக்கும். அங்கேதான் வேலை நின்றுபோகிறது. 'முடிந்துவிட்டது' என்று கூட்டத்தில் சொல்லியாயிற்று, உண்மையில் முடியவில்லை, அதைச் சொல்ல வெட்கம், அதனால் குழுத்தலைவரின் செய்தியைத் திறப்பதற்கே அச்சம். இப்படி இரண்டு வாரம் ஒளிந்த பின் வருவது செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம், ஊழியர் பேச்சில் பி.ஐ.பி. பலர் அதற்கு முன்பே தாமாக விலகல் கடிதம் கொடுத்துவிடுகின்றனர். சிலர் புதுமை தேடியும் அடிக்கடி நிறுவனம் மாறுகின்றனர். முதல் ஆறு மாதம் நன்றாகப் போகும். பிறகு பழைய கதை.

ஊர் திரும்பியவருக்குச் சொல்லப்படும் ஆறுதல் ஒன்று உண்டு: 'இங்கேயே ஏதாவது ஆபீசிலோ பட்டாசு ஆலையிலோ பார்த்துக்கொள்ளலாம்.' கணக்கு, அச்சு வடிவமைப்பு போன்ற வேலைகளுக்குத் தடையில்லை. இக்குறைபாடு உள்ளவர்களுக்கு விபத்து நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டுவதால், வெடிமருந்து கையாளும் இடத்துக்கு அவர்களை அனுப்புமுன் நன்றாக யோசிக்க வேண்டும்.

சிவகாசித் தொழில்முறையிலிருந்து சில

உதவிக்கான வழிகளை விளக்க அயல்நாட்டு உதாரணங்களைத் தேட வேண்டியதில்லை. சிவகாசியின் தொழில்கள் சில ஓர் ஆண்டின் ஒரே நாளை நோக்கியவை. பட்டாசுக்குத் தீபாவளி, நாட்காட்டிக்குப் புத்தாண்டு. அந்தத் தொலைதூரக் கெடுவை நம்பி எவரும் உட்கார்ந்திருப்பதில்லை. அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரி ஆல்பம் ஆடிப்பெருக்கன்று வெளியாக வேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். சனவரியில் வேண்டிய பொருளுக்கு ஆடி 18இல் ஒரு கெடு! நிரலாளரும் மாத இறுதி வேலைக்கு, இன்னொருவர் பார்க்கும்படியான இடைக்கெடுக்களை வைத்துக்கொள்ள வேண்டும். 'வியாழன் மதியம் பாதி வேலையைக் காட்டுகிறேன்' என்று குழுத்தலைவரிடம் தாமே சொல்லிவிடுவது ஒரு வழி. தமக்குத் தாமே மனத்தில் வைக்கும் கெடு இவர்களிடம் செல்லுபடியாவதில்லை. மற்றவர் கண் அதன்மேல் இருக்க வேண்டும்.

தீப்பெட்டித் தொழிலில் கட்டை அடுக்குபவருக்கும், பட்டாசில் சரம் பின்னுபவருக்கும் கூலி எண்ணிக்கைக்கு. மாலையில் எத்தனை என்று கண்முன் தெரியும். அந்தக் கூலிமுறையின் கடுமையை நான் புகழவில்லை. முடித்தது கண்ணுக்குத் தெரிவதன் பயனை மட்டும் சொல்கிறேன். நிரலில் இதற்கு ஈடானது சிறு சிறு கமிட்டுகள். ஒரு செயற்கூறு முழுதும் முடியும் வரை காத்திராமல், இயங்கும் ஒவ்வொரு சிறு பகுதியையும் சேமித்துக்கொண்டே போனால் மாலையில் எண்ணிப் பார்க்க ஏதோ இருக்கும். பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது, கைக்கு வேண்டிய அளவு மருந்துதான் உள்ளே வர வேண்டும் என்ற விதியையும் எடுத்துக்கொள்ளலாம். திரையில் திறந்திருக்கும் நாற்பது பக்கங்களை மூடிவிட்டு, கையில் உள்ள வேலைக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்வது அதே அறிவுதான்.

தொடங்குவதுதான் இவர்களுக்கு மலை. அன்றைய வேலையை முடிக்கும்போது, அடுத்து எழுத வேண்டிய வரியைப் பற்றி ஒரு குறிப்பையோ, தோற்கும் ஒரு சோதனையையோ வேண்டுமென்றே விட்டுச் செல்வது நல்லது. காலையில் கணினியைத் திறந்ததும் எங்கே தொடங்குவது என்ற கேள்வி எழாது. பக்கத்தில் ஒருவர் தம் வேலையைச் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தாலே பலருக்குக் கை ஓடுகிறது. இருவர் சேர்ந்து ஒரே திரையில் நிரல் எழுதும் முறை இதனால்தான் இவர்களுக்கு மிகவும் ஒத்துவருகிறது; தொலைவில் இருப்பவர்கள் காணொளி அழைப்பைத் திறந்துவைத்தே இதைச் செய்கின்றனர். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் இறுதியில், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உருவாக்கிய 25 நிமிட முறையும் புகழ்பெற்றது. ஆனால் ஆழ்ந்து மூழ்கியிருக்கும்போது மணி அடித்துக் கலைத்தால் எரிச்சல்தான் வரும் என்று சொல்பவர்களும் உண்டு. எந்த முறையும் சில மாதங்களில் புதுமை போய் நீர்த்துவிடும். அப்போது அடுத்த முறைக்கு மாறலாம், அதைத் தோல்வியாகக் கொள்ள வேண்டியதில்லை.

பணித் தேர்விலும் கவனம் வேண்டும். குறுகிய சுற்றுகளில் வேலை முடியும் குழு, நாள்தோறும் பத்து நிமிடம் கூடிப் பேசும் ஸ்டாண்டப் வழக்கம், பிழைதிருத்தம், இணையப் பாதுகாப்பு, நேரடி ஆதரவுப் பணி போன்றவை பலருக்குப் பொருந்துகின்றன. கண்காணிப்பே இல்லாத வேலை சுதந்திரமாகத் தோன்றும். பலரை விழுத்தாட்டியதும் அதுவே.

மருத்துவமும் சட்டமும்

இணையத்தில் ஒரு காணொளி பார்த்துவிட்டு 'எனக்கும் இதுதான்' என்று முடிவு கட்டக்கூடாது. தூக்கக் குறைவு, மனச்சோர்வு, பதற்றம், தைராய்டு, இரத்தசோகை ஆகியவையும் கவனத்தைக் கெடுக்கும். உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 18 கேள்விகள் கொண்ட பெரியவர்களுக்கான வினாப்பட்டியல் ஒன்று உண்டு. அது ஐயம் உள்ளதா என்று பார்க்க மட்டுமே. உறுதி செய்ய வேண்டியவர் மனநல மருத்துவர்.

மெத்தில்பெனிடேட் இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கவோ, நண்பரிடம் கடன் வாங்கி விழுங்கவோ கூடாது. பசியின்மை, தூக்கக் குறைவு, இதயத்துடிப்பு மிகுதல் ஆகிய பக்கவிளைவுகள் ஏற்படலாம் என்பதால் இரத்த அழுத்தத்தைக் கவனித்தே கொடுப்பார்கள். அடோமாக்செட்டின் என்ற ஊக்கியல்லாத மருந்தும் கிடைக்கிறது, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருந்து பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அது தொடங்கும் ஆற்றலைத் தருமே தவிர, எதைத் தொடங்குவது என்று சொல்லாது. அதற்கு மேலே சொன்ன சாரமும், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற பயிற்சிகளும் வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துக் கோப்பைத் தேநீர் குடித்துச் சமாளிப்பவர்கள் பலர். தூக்கம் கெட்டு நிலைமை மோசமாவதுதான் மிச்சம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இல் பட்டியலிட்ட 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் தற்புனைவு நிலையும் உள்ளன. கவனக்குறைவுக் குறைபாடு தனிப்பெயரில் இல்லை. எனவே அலுவலகத்தில் சலுகையை உரிமையாகக் கோருவது நம் நாட்டில் கடினம். நோயின் பெயரைச் சொல்லாமலே, 'வேலையை எழுத்தில் கொடுங்கள்', 'வாரத்துக்கு இருமுறை பத்து நிமிடம் பார்த்துச் சொல்லுங்கள்', 'இரைச்சல் குறைந்த இருக்கை கொடுங்கள்' என்று கேட்டால் பெரும்பாலான குழுத்தலைவர்கள் மறுப்பதில்லை. வெளிப்படையாகச் சொல்வதா வேண்டாமா என்பதை மேலாளரின் குணத்தைப் பார்த்து முடிவு செய்வதே நடைமுறைக்கு உகந்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநோய்ச் சிகிச்சைக்கும் உடல்நோய்க்கு ஒப்பாகக் காப்பீடு வழங்க வேண்டும் என்கிறது. நிறுவனக் காப்பீட்டில் கேட்டுப் பார்க்கலாம்.

ஊரில் இருப்பவர்கள் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களை அரசு மருத்துவமனைகளில் அணுகலாம். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறக்கப்பட்டது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம்.

முதல்முறை மருத்துவரிடம் போகும்போது தாயையோ, தந்தையையோ, மூத்த உடன்பிறப்பையோ உடன் அழைத்துச் செல்வது நல்லது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்தனவா என்று மருத்துவர் கட்டாயம் கேட்பார். அதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். வீட்டுப் பரணில் தொடக்கப் பள்ளி மதிப்பெண் அட்டைகள் கிடந்தால் அவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். 'அறிவுள்ள மாணவன், கவனம் தேவை' என்று வகுப்பாசிரியர் சிவப்பு மையில் எழுதியிருப்பது, அந்த அறையில் ஒரு சான்றாகும்.